கோடு போட்ட பூச்சட்டி

வேலை முடிந்ததும் "சக்ஸஸ்" என்று தானே எழுதிக் காட்டிக்கொள்ளும் எந்த சாப்ட்வேரையும் நான் நம்புவதில்லை. மனிதர்களிலும் அப்படிப்பட்டவர்களை நம்புவதில்லை. இரண்டு வகையையும் ஒரே அச்சாபீஸில் பார்த்த அனுபவத்தைச் சொல்கிறேன். இப்போது பிரீபிரஸ், அதாவது அச்சுக்கு முந்தைய தயாரிப்பு வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு இது உதவலாம். உதவாவிட்டாலும் என் வயிற்றெரிச்சல் கொஞ்சம் தணியும்.

என் அம்மா டீச்சர், என் அக்கா நர்ஸ். நான் மட்டும் திருத்தங்கலில் ஓர் ஆப்செட் பிரஸ்ஸில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். சர்ச்சில் சொந்தக்காரர்கள், "எஸ்தர் இன்னும் அச்சாபீஸ்லதான் இருக்காளா?" என்று கேட்பார்கள். ஏதோ வியாதியை விசாரிக்கிற மாதிரி கேட்பார்கள். எங்கள் பிரஸ்ஸில் காலண்டரும் அடிப்போம், ஆனால் சோறு போட்டது பட்டாசுப் பெட்டி லேபிள்தான். லேபிள் ஃபைலை வாங்கி, பெரிய தாளில் வரிசையாக அடுக்கி, கஸ்டமருக்கு புரூஃப் எடுத்துக் கையெழுத்து வாங்குவது வரை என் பொறுப்பு. கையெழுத்து ஆனபின் அதே அடுக்கை அச்சு மிஷினில் மாட்டும் பிளேட்டாக எடுப்பது மாரியப்பன் பொறுப்பு. நான் ஏசி ரூமில் இருப்பேன். அவர் நடைபாதையின் அந்தக் கோடியில், பிளேட் ரூமில் இருப்பார். நடுவில் நாற்பது அடி இருக்கலாம். அந்த நாற்பது அடியைப் பின்னால் நான் பல தடவை நினைத்துக்கொள்ள வேண்டி வந்தது.

1. மாப்பிள்ளை செய்த சீர்

எங்கள் முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். அவர் மகளுக்குக் கல்யாணமாகி, மாப்பிள்ளை பெங்களூரில் சாப்ட்வேர் கம்பெனியில் இருந்தார். மாமனார் வீட்டில் வாங்கிக்கொண்ட சீருக்குப் பதில் சீராக நினைத்தாரோ என்னவோ, பிரஸ்ஸுக்கென்று ஒரு சாப்ட்வேர் எழுதிக் கொண்டுவந்தார். பெயர் லேபிள்செட். லேபிள்களைத் தாளில் அடுக்கும், கூடவே ஒவ்வொரு லேபிளின் ஓரத்திலும் "கையில் பிடித்து வெடிக்காதீர்கள், நீளமான ஊதுபத்தியால் பற்றவையுங்கள்" என்பது போன்ற எச்சரிக்கை வாசகத்தைத் தானே போட்டுவிடும். நல்ல யோசனைதான், இல்லையென்று சொல்லமாட்டேன். மாநிலத்துக்கு மாநிலம் பாஷை மாறுவதால், அந்தச் சின்ன எழுத்துகளைக் கையால் வைத்து வைத்து எங்களுக்குக் கண் போயிருந்தது.

மாப்பிள்ளை டெமோ காட்ட வந்த அன்று அண்ணாச்சி எல்லோருக்கும் காராச்சேவும் பால்கோவாவும் வாங்கி வைத்திருந்தார். கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பக்கத்தில் பத்தி ஏற்றியிருந்தார்கள். மாப்பிள்ளை ஒரு கறுப்புத் திரையைத் திறந்தார்.

"பட்டன் எதுவும் இல்லியா தம்பி?" என்று கேட்டேன்.

"மேடம், மவுஸ் எல்லாம் பழசு. இது கமாண்ட் லைன். ஒரே வரி டைப் பண்ணா போதும், மொத்த வேலையும் முடிஞ்சிரும்."

"மாப்பிள்ளை சொல்லுதாக, கேட்டுக்கோங்க. ஒரே வரியாம்ல!" என்றார் அண்ணாச்சி. அவருக்கு அந்த வரி சுலோகம் மாதிரி கேட்டிருக்கும்.

அந்த வரி இதுதான்: labelset -n 24 -g 3 *.pdf. கட்டளையில் முன்னால் ஒரு சின்னக் கோடு போட்டு எழுதுவது ஆப்ஷன், அதாவது சாப்ட்வேருக்குச் சொல்லும் குறிப்பு. ஒரு தாளில் இருபத்துநாலு லேபிள், நடுவில் மூன்று மில்லிமீட்டர் இடைவெளி. கடைசியில் உள்ள நட்சத்திரம், அந்த ஃபோல்டரில் இருக்கும் எல்லா லேபிள் ஃபைலின் பெயரையும் கம்ப்யூட்டரே அந்த இடத்தில் வரிசையாக எழுதிக்கொள்ளட்டும் என்பதற்காக. மாப்பிள்ளை இரண்டு ஏ4 தாளில் இந்த வரியைச் சிவப்பு மையில் பிரிண்ட் எடுத்து, ஒன்றை என் மானிட்டரில் ஒட்டினார், இன்னொன்றை மாரியப்பன் மானிட்டரில் ஒட்டினார். "இதை மட்டும் அப்படியே அடிங்க" என்று சொல்லிவிட்டு, பால்கோவா சாப்பிடாமல் போய்விட்டார். டயட்டாம்.

மாரியப்பன் அந்த வரியை ஒரு எழுத்து பிசகாமல் அடிப்பார். ஒற்றை விரலால், உதட்டை அசைத்து, எண்ணி எண்ணி அடிப்பார். அவரிடம் நான் குறை காணவில்லை. குறை எல்லாம் அந்த வரியை வாங்கிப் படிக்கிற இடத்தில் இருந்தது.

2. சக்ஸஸ்

காலண்டர் சீசனில் தேதி அடுக்குவதற்கு நானே சின்னச் சின்ன ஸ்கிரிப்ட் எழுதிப் பழகியிருந்தேன். ஆகவே மாப்பிள்ளை எழுதியதைத் திறந்து படித்தால் புரியும். ஆப்ஷனைப் பிரித்துப் படிப்பதற்கு உலகத்தில் எத்தனையோ பேர் எழுதிச் சோதித்து வைத்த பகுதிகள் சும்மா கிடைக்கின்றன. இவர் அதை எடுக்கவில்லை. சொந்தமாக எழுதினார். சொந்தமாக எழுதினால்தானே மாமனாரிடம் காட்ட முடியும்!

அதன் லட்சணத்தைக் கேளுங்கள். -g போட்டு, ஒரு இடம் விட்டு, 3 போட்டால் மூன்று மில்லிமீட்டர். இடம் விடாமல் சேர்த்துப் போட்டால் இடைவெளி பூஜ்யம். லேபிள்கள் பஸ்ஸில் ஏறிய கூட்டம் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். ஃபைல் பெயருக்குப் பின்னால் ஆப்ஷன் கொடுத்தால் காதில் வாங்காது. -n போட்டு எண்ணை எழுத மறந்துவிட்டால், அடுத்து வரும் -g என்பதையே எண் என்று விழுங்கிவிடும். அதற்கு மதிப்பு பூஜ்யம், ஆகவே தாளில் பூஜ்யம் லேபிள். வெறும் வெள்ளைத் தாள் வரும். அதற்குக் கீழேயும் பச்சை எழுத்தில் "சக்ஸஸ்!" என்று எழுதும். ஆச்சரியக்குறி வேறு.

தெரியாத ஆப்ஷன் வந்தால் என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. "இது எனக்குத் தெரியவில்லை" என்று ஒரு வார்த்தை சொல்ல அதற்கு வாய் இல்லை. தெரியவில்லை என்று சொல்லும் வழக்கம் எழுதியவருக்கே இல்லாதபோது அது எழுதியதற்கு எங்கிருந்து வரும்?

3. கோடு

இங்கே எங்கள் பிரஸ் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வேலை விவரம் எழுதும் ஜாப் கார்டில் வேலையின் பெயருக்கு முன்னால் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தால், அது சீசன் அவசரம். எல்லா வேலைக்கும் முன்னால் அதைப் போட வேண்டும். அண்ணாச்சியின் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். கஸ்டமர்கள்கூட போனில், "அண்ணாச்சி, நம்ம சரவெடிக்கு ஒரு கோடு போட்டு விடுங்க" என்பார்கள். ஆவணி பிறந்தால் கோடு இல்லாத கார்டையே பார்க்க முடியாது. எல்லாமே அவசரம் என்றால் எதுவுமே அவசரம் இல்லை என்று நான் சொல்லிப் பார்த்தேன், யார் கேட்டார்கள்.

கம்ப்யூட்டர் வந்தபோது கோடும் கூடவே வந்தது. அவசர வேலையின் ஃபைல் பெயருக்கு முன்னால் ஒரு கோடு. அப்படி வைத்தால் பட்டியலில் அதுதான் முதலில் வந்து நிற்கும், எல்லோருக்கும் வசதி.

ஆடி மாதம், கம்பி மத்தாப்பு லேபிள் ஒன்று அவசரமாக வந்தது. வழக்கப்படி -kambi.pdf என்று பெயர் வைத்து, மாப்பிள்ளையின் வரியை அடித்தேன். சக்ஸஸ். புரூஃபைப் பார்த்தால் கம்பி மத்தாப்பைத் தவிர எல்லாம் இருக்கிறது. திரும்ப அடித்தேன். திரும்பவும் சக்ஸஸ், திரும்பவும் மத்தாப்பைக் காணவில்லை.

சாப்ட்வேரைத் திறந்து படித்ததும் விஷயம் விளங்கியது. நட்சத்திரம் எழுதிக் கொடுத்த பெயர்களில் முதலாவது கோட்டில் ஆரம்பிக்கிறது. கோட்டைப் பார்த்ததும் இது ஆப்ஷன் என்று முடிவு கட்டிவிட்டது. கோட்டுக்கு அடுத்த ஒரே எழுத்தை மட்டும் பார்க்கும், மிச்சத்தைப் படிக்காது. k என்று ஓர் ஆப்ஷன் இல்லை, ஆகவே சத்தமில்லாமல் குப்பையில் போட்டுவிட்டது. ஒரு கஸ்டமருடைய லேபிளை!

மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன்.

"மேடம், ஃபைல் நேம் ஹைஃபன்ல ஸ்டார்ட் ஆகக் கூடாது. யாருமே அப்படிப் பேரு வைக்க மாட்டாங்க. இது யூசர் பிராப்ளம்."

"எங்க பிரஸ்ல அப்படித்தான் தம்பி வைப்போம். நீங்க எழுதுனது எங்க பிரஸ்ஸுக்குத்தானே?"

"வழக்கத்தை மாத்திக்கோங்க மேடம். மீட்டிங்ல இருக்கேன்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். போனை வைத்துவிட்டேன். எனக்கு வழி தெரியும். நட்சத்திரத்துக்கு முன்னால் ஒரு புள்ளியும் ஒரு சாய்கோடும் போட்டு ./*.pdf என்று கொடுத்தால், ஒவ்வொரு ஃபைல் பெயரும் புள்ளியில் ஆரம்பிக்கும். கோட்டில் ஆரம்பிக்காததால் எதையும் ஆப்ஷன் என்று நினைக்காது. என் மானிட்டரில் இருந்த தாளில் பேனாவால் அந்தப் புள்ளியையும் சாய்கோட்டையும் சேர்த்துக்கொண்டேன். கம்பி மத்தாப்பு ஒழுங்காக வந்தது.

பிறகு ஒரு நோட்டு வாங்கினேன். அட்டையில் "மாப்பிள்ளை முறுக்கு" என்று எழுதி, உள்ளே அந்த சாப்ட்வேரின் கோணங்கித்தனங்களைத் தேதி போட்டு ஒவ்வொன்றாகக் குறித்தேன். டீ நேரத்தில் ஏசி ரூமில் டிசைனர்களுக்கு வாசித்துக் காட்டுவேன். வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். பட்டியலில் புதிதாக ஏதாவது சேராதா என்று நான் தேடக்கூட ஆரம்பித்தேன். முப்பது வருட வேலையில் எனக்கு அவ்வளவு சந்தோஷமான சீசன் வேறு இல்லை. அவருக்குத் தெரியாதது எனக்குத் தெரியும் என்ற சந்தோஷம் அது, வேறொன்றுமில்லை.

4. வெம்பக்கோட்டையிலிருந்து போன்

புரட்டாசியில் வெம்பக்கோட்டை பக்கத்துப் பட்டாசு யூனிட் ஒன்றின் லேபிள்கள் ஒரே தாளில் போயின. அணுகுண்டு, சக்கரம், சரவெடி இவற்றோடு பூச்சட்டி, அதாவது புஸ்வாணம். பூச்சட்டி மட்டும் அவசரம், ஆகவே அதன் பெயர் -poochatti.pdf. நான் புரூஃப் எடுத்தேன். எல்லா லேபிளும் இருந்தன, எச்சரிக்கை வாசகமும் இருந்தது. கஸ்டமர் கையெழுத்துப் போட்டார்.

பத்து நாள் கழித்து அந்த யூனிட் மேனேஜர் அண்ணாச்சிக்குப் போன் போட்டார். அண்ணாச்சி ஸ்பீக்கரில் போட்டதால் ஆபீஸ் முழுக்கக் கேட்டது.

"என்ன அண்ணாச்சி, விளையாடுதீகளா? அணுகுண்டு பெட்டியில ஒரு எச்சரிக்கை கிடையாது, சக்கரத்துல கிடையாது, சரவெடியில கிடையாது. பூச்சட்டி ஒண்ணுலதான் இருக்கு. ரெண்டு நாள் ஒட்டுன பெட்டி மொட்டையா அடுக்கி வச்சிருக்கேன். மூணு நாள்ல வடக்க லோடு போகணும். இப்பிடியே போயி ஒரு சின்னப்பய கையில பிடிச்சு வெடிச்சான்னா யாரு பதில் சொல்லுறது?"

அண்ணாச்சி போனை வைத்தார். புரூஃபை எடுத்துப் பார்த்தார், வாசகம் இருக்கிறது. மிஷினிலிருந்து அச்சான தாளை எடுத்துப் பார்த்தார், வாசகம் இல்லை. மிஷின்மேன் கலரைப் பார்ப்பார், ஓரத்து எழுத்தைப் பார்க்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது.

"புரூஃப் சரி, பிளேட் தப்பு. ஏலே, மாரியப்பனக் கூப்பிடு!" என்றார்.

5. விசாரணை

அன்று மாப்பிள்ளையும் பிரஸ்ஸில்தான் இருந்தார். தலை தீபாவளிக்கு ஒரு மாதம் முந்தியே வந்து, வீட்டிலிருந்து வேலை என்ற பெயரில் எங்கள் ஏசியில் உட்கார்ந்திருந்தார். தலை தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை மீது எங்கள் ஊரில் மழைகூட யோசித்துத்தான் பெய்யும்.

மாரியப்பன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"பிளேட்டுல எழுத்து எங்கலே போச்சு?"

"அண்ணாச்சி, தாள்ல உள்ளபடிதான் தட்டுனேன். பூச்சட்டி மட்டும் வரல, கோடு போட்ட வேலையில அப்பப்ப இப்பிடி ஆகும். சீசன் நேரம், கேட்டுக்கிட்டு நிக்க நேரமில்லனு கோட்ட எடுத்துட்டுத் தனி ஷீட்டாப் போட்டேன், வந்துருச்சு. மிச்சம் எல்லாம் இருந்துச்சு. சக்ஸஸ்னுதான் காட்டுச்சு."

"மாமா, டூல்ல பிராப்ளம்னா புரூஃப்லயும் வந்திருக்கணுமே?" என்றார் மாப்பிள்ளை. "வார்னிங் வேண்டாம்னா -p-னு ஓர் ஆப்ஷன் இருக்கு, பிளெயின். காலண்டருக்காக வச்சது. இவர் அதைத் தெரியாம அடிச்சிருப்பாரு. ஹியூமன் எரர்."

எனக்கு அந்த நொடியே முழுசாகப் புரிந்துவிட்டது. -poochatti. கோட்டுக்கு அடுத்த எழுத்து p. மாரியப்பன் அடிக்காத ஆப்ஷனை பூச்சட்டியின் பெயரே அடித்துவிட்டது. பட்டியலில் முதலில் நின்றதால் பின்னால் வந்த அத்தனை லேபிளிலும் எச்சரிக்கை போய்விட்டது. காணாமல்போன பூச்சட்டியைத் தேடியதில் மாரியப்பன் மற்றதை உற்றுப் பார்க்கவில்லை. என் புரூஃப் மட்டும் சரியாக வந்ததற்குக் காரணம், என் தாளில் இருந்த புள்ளியும் சாய்கோடும். நான் அந்தத் திருத்தத்தைச் செய்யாமல் இருந்திருந்தால் தப்பு புரூஃபிலேயே தெரிந்திருக்கும். நான் செய்த திருத்தம்தான் அதை மறைத்தது.

நான் உடனே வாயைத் திறக்கவில்லை. அதை உங்களிடம் ஒளிக்க விரும்பவில்லை. ரிட்டயர் ஆக இரண்டு வருடம் இருந்தது, பயமாக இருந்தது.

"பதினேழு வருசம் சோறு போட்டதுக்கு நல்லாச் செஞ்சலே," என்றார் அண்ணாச்சி. "நாளையிலேருந்து வர வேண்டாம்."

ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. மாரியப்பன் இடுப்பிலிருந்து பிளேட் ரூம் சாவியை அவிழ்த்து மேஜையில் வைத்தார். சாவியோடு ஒரு சின்ன சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. அதை அவிழ்த்து எடுத்துக்கொள்ளலாமா என்று யோசித்து, கயிற்றில் விரலை வைத்தபடி நின்றார்.

"அண்ணாச்சி, அவர் மேல தப்பு இல்ல," என்றேன். "மாப்பிள்ளையவே பிளேட் ரூம்ல வந்து அந்த வரியை அடிக்கச் சொல்லுங்க. அவர் கையாலேயே."

மூன்று பேரும் என் பின்னால் வந்தார்கள். பழைய ஃபோல்டரை அப்படியே, கோட்டோடு வைத்தேன். மாப்பிள்ளை தாளைப் பார்த்து வேகமாக அடித்தார், சக்ஸஸ். திரையில் வந்த அணுகுண்டின் ஓரம் மொட்டையாக இருந்தது. அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. நான் நட்சத்திரத்துக்கு முன்னால் புள்ளியும் சாய்கோடும் வைத்து அடித்தேன். எச்சரிக்கை வந்தது, பூச்சட்டியும் வந்தது.

"ஃபைல் நேம்ல ஹைஃபன் வச்சா..." என்று ஆரம்பித்தார் மாப்பிள்ளை.

"எங்க அப்பா காலத்துலேருந்து இங்கன கோடு போட்டுத்தான் மாப்பிள்ளை வேலை போகுது," என்றார் அண்ணாச்சி. குரல் மெதுவாகத்தான் இருந்தது. ஆனால் மாப்பிள்ளை கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"இது இன்னைக்குத்தான் தெரிஞ்சதுன்னு நெனைக்காதீக, அண்ணாச்சி. ஆடியிலேயே தம்பிகிட்டப் போன்ல சொன்னேன். எழுதியும் வச்சிருக்கேன்," என்று சொல்லி நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தேன். வெற்றி அடைந்த நினைப்பில் அட்டையை மறந்துவிட்டேன். அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்க வாசித்தார்: "மாப்பிள்ளை முறுக்கு."

மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். அண்ணாச்சி பக்கங்களைப் புரட்டினார். ஆடி மாதத் தேதியில் விரலை வைத்தார்.

"தேதியெல்லாம் போட்டுத்தான் எழுதியிருக்க. மாப்பிள்ளைக்கிட்டச் சொல்லியிருக்க, சரி. ஏசி ரூம்ல எல்லாருக்கும் தெரியும்போல. ஏம்மா எஸ்தரு, பிளேட்டு போடுறவன்கிட்டச் சொன்னியா?"

மாரியப்பன் அப்போது தன் மானிட்டரில் இருந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் புள்ளியும் இல்லை, சாய்கோடும் இல்லை.

"சாவிய எடுத்துக்கலே," என்றார் அண்ணாச்சி. மன்னிப்பு என்று ஒரு சொல் வரவில்லை. மாரியப்பன் சாவியை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

6. ஸ்டிக்கர்

எச்சரிக்கை வாசகத்தை மட்டும் ஸ்டிக்கராக அடித்து, ஒட்டிய பெட்டிகளில் எல்லாம் ஒட்டிவிடுவது என்று முடிவானது. யாரும் என்னைக் கூப்பிடவில்லை, நானே வேனில் ஏறினேன். மாரியப்பனும் வந்தார். வேனில் நாங்கள் இருவரும் ஸ்டிக்கர் கட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உட்கார்ந்திருந்தோம்.

கேட்டில் செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பேக்கிங் ஷெட்டின் வெளி வராண்டாவில் பெண்களோடு உட்கார்ந்து இரண்டு நாள் ஒட்டினோம். அவர்கள் விரல் ஓடுகிற வேகத்துக்கு என் விரல் ஈடுகொடுக்கவில்லை. எச்சரிக்கை இல்லை என்று முதலில் கண்டுபிடித்தவர் பேச்சியம்மாள் என்ற பேக்கிங்காரர். மேனேஜர் அவரைக் காட்டியதும், இவ்வளவு சின்ன எழுத்தை எப்படிக் கவனித்தீர்கள் என்று கேட்டேன். புரூஃப் பார்க்கிறவள் என்ற திமிர் அந்தக் கேள்வியில் கொஞ்சம் இருந்தது.

"நாங்க வெடிமருந்துக்குள்ள உக்காந்திருக்கோம்க்கா. ஒட்டுற தாள்ல எழுத்து இருக்கா இல்லியானு பாக்காம ஒட்ட முடியுமா? மேனேஜரு சொல்லாட்டியும் பாக்கத்தான் செய்வோம். மொதப் பெட்டியிலேயே பாத்திருக்கணும், ரெண்டு நாள் விட்டுட்டேன். பாத்தவொடனே பக்கத்துல உள்ளவளுக்குச் சொல்லிருவோம், அம்புட்டுத்தான்."

பாத்தவொடனே பக்கத்துல உள்ளவளுக்குச் சொல்லிருவோம். அவர் என்னைக் குத்திச் சொல்லவில்லை, ஒட்டிக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னார். நான் குனிந்து ஒட்டிக்கொண்டிருந்தேன். எனக்குக் கண் கலங்கியது, அதை மறைக்கக்கூட முடியாது. கையெல்லாம் பசை.

லோடு சொன்ன நாளில் எல்லாப் பெட்டியிலும் எச்சரிக்கையோடு போனது.

தீபாவளி முடிந்ததும் மாப்பிள்ளை லேபிள்செட்டின் புது வெர்ஷனை அனுப்பினார். ஆப்ஷன் படிக்கிற இடத்தில் ஓர் எழுத்து மாறவில்லை. "சக்ஸஸ்" மட்டும் பச்சையிலிருந்து நீலமாகியிருந்தது. கூடவே பிரஸ் வாட்ஸ்அப் குரூப்பில், ஃபைல் பெயரைக் கோட்டில் ஆரம்பிக்காதீர்கள் என்று ஒரு அறிவிப்பு. அண்ணாச்சி அதற்குக் கும்பிடு போட்டார். நான் அவரைக் கேட்டுக்கொண்டு, அந்த சாப்ட்வேருக்கு முன்னால் காவலுக்கு நிற்பதுபோல ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். தெரியாத ஆப்ஷன் வந்தால் நின்றுவிடும். எது தெரியவில்லை என்று தமிழில் சொல்லும். கொடுத்த ஃபைல் எத்தனை, தாளில் ஏறியது எத்தனை, எச்சரிக்கை உண்டா இல்லையா என்று எண்ணிச் சொல்லும். சக்ஸஸ் என்று சொல்லாது. அன்றே அதை இரண்டு மிஷினிலும் ஏற்றினேன்.

புது வரியைத் தாளில் எடுத்து, என் மானிட்டரில் ஒட்டுவதற்கு முன் பிளேட் ரூமுக்குப் போனேன். மாரியப்பன் பழைய தாளைக் கிழித்துவிட்டு இடம் விட்டார். ஒட்டினேன். ஒவ்வொரு குறியும் எதற்கு என்று முதல் தடவையாக அவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். இரண்டு கேள்வி கேட்டார், இரண்டுமே மாப்பிள்ளை கேட்டிருக்க வேண்டிய கேள்விகள்.

"நான் அன்னைக்கே வந்து சொல்லியிருக்கணும் மாரியப்பன்," என்றேன்.

"பரவால்ல," என்றார்.

பிள்ளைகளே, நான் கற்ற பாடம் சின்னதுதான். மற்றவன் எழுதியதில் முட்டாள்தனத்தைக் கண்டால் சிரிக்கலாம், தப்பில்லை, நானும் இன்னும் சிரிக்கிறேன். ஆனால் முதலில் அடுத்த மிஷினுக்கு நடந்து போய்த் தாளை மாற்றி ஒட்டிவிட்டு வாருங்கள். அப்புறம் உட்கார்ந்து சிரியுங்கள். நாற்பது அடிதான்.

மாப்பிள்ளை முறுக்கு நோட்டு இப்போதும் வீட்டில் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில், என் கோணங்கித்தனத்துக்கும் தேதி போட்டு ஒரு வரி எழுதியிருக்கிறேன். அதை யாருக்கும் வாசித்துக் காட்டியதில்லை.

ரிட்டயர் ஆகிற நாளில் பிரஸ்ஸில் எல்லோரும் சால்வை போர்த்தினார்கள். டிசைனர்கள் "எஸ்தரக்கா, எஸ்தரக்கா" என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பூச்சட்டி விவகாரத்துக்கு முன்னால் பதினேழு வருடம் மாரியப்பனும் என்னை அப்படித்தான் கூப்பிட்டார். அவர் கடைசியாக வந்தார், சால்வையை ஒழுங்காக மடிப்பு எடுத்துப் போர்த்தினார்.

"நல்லா இருங்க மேடம்," என்றார்.